சொண்டுக் கொப்புளத்துக்கும் ஓர் இலக்கம்

காய்ச்சல் விட்ட மறுநாள் சொண்டோரத்தில் ஓர் எரிவு. அடுத்த நாள் நீர் கோத்த சின்னக் கொப்புளங்கள் கூட்டமாய் எழும்பும். உடைந்து, பொருக்குக் கட்டி, பத்து நாளளவில் காய்ந்துவிடும். வன்னி வெயிலில் வயலில் நிற்பவருக்கு இது திரும்பத் திரும்ப வந்தாலும் புதினமில்லை. ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் வேலை இது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் 64 சதவீதமானோருக்கு அதன் முதலாம் வகை தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

ஆனால் நோய்க் கணக்கில் இது தெரியாது. அரச வைத்தியசாலைகளின் நோய்க் கணக்கு விடுதியில் தங்கியவர்களை வைத்தே தொகுக்கப்படுகிறது. கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, ஓ.பி.டி.யில் துண்டு வாங்கிக்கொண்டு போகிறவர் அதில் சேருவதில்லை.

விடுதி நோயாளி வீடு போனதும் அவருடைய வைத்தியக் குறிப்புகள் உள்ள பெட் ஹெட் டிக்கெட் பதிவேட்டு அறைக்குப் போகிறது. அங்கிருப்பவர் நோயாளியைக் கண்டவரல்ல. எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் ஐ.சி.டி.-10 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டின் இலக்கத்தை இடுகிறார். சொண்டில் வந்த ஹெர்பீஸ் பி00.1. முரசும் வாயும் புண்ணான பிள்ளைக்கு பி00.2. மூளைக்குப் போனால் பி00.4, கண்ணுக்குப் போனால் பி00.5. இடத்தைச் சொல்லாமல் வெறுமனே 'ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ்' என்றால் பி00.9. 'வாய்ப்புண்' என்று மட்டும் எழுதினால் வைரஸே கணக்கிலிருந்து மறைந்து, கே12 என்ற வேறு வீட்டுக்குப் போய்விடும்.

இது வெறும் கணக்கு வேலையல்ல. கண்ணில் ஹெர்பீஸ் வந்து மாறிய ஒருவர், பிறகு கண் சிவந்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்று வைப்போம். பழைய வருத்தம் அவருடைய நோய் நிர்ணய அட்டையில் சரியாக எழுதப்பட்டிருந்தால் வைத்தியர் ஸ்டீரொய்ட் துளியைத் தனியே கொடுக்க யோசிப்பார். வைரஸ் மருந்தில்லாமல் அந்தத் துளியை மட்டும் விட்டால் கருவிழிப் புண் மோசமாகிப் பார்வையே போகலாம்.

கடதாசியின் பெறுமதி வன்னிச் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் போரில் இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் செட்டிகுளம் முகாமில் தங்கள் வருத்தத்தை முதலிலிருந்து வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

வைத்தியரிடம் 'அம்மாள் மாதிரி' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். அது கொப்புளிப்பானாக எழுதப்படலாம். எந்த இடம், எத்தனை நாள், முன்பும் அதே இடத்தில் வந்ததா, கண் உறுத்துகிறதா என்று சொல்லுங்கள். விடுதியிலிருந்து வீடு போகும்போது நோய் நிர்ணய அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.