ஜெபமும் சபையும்: லுத்தரன் மாதரின் பயிலரங்குகள்

மயிலாப்பூர்வாசி ஒருவரிடம் இவ்வூர்க் கிறிஸ்தவர்களைப் பற்றிக் கேட்டால், சாந்தோம் பேராலயத்தின் வெண்கோபுரத்தையும் லஸ் பக்கத்துப் பழைய மாதா கோயிலையும் சுட்டிக்காட்டிவிட்டு, மேற்கொண்டு விவரிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் நகர்ந்துவிடுவார். 1606-ஆம் ஆண்டிலேயே கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்றின் தலைமையிடமாகிவிட்ட ஊரில், அந்தச் சமயத்தின் சாயலே கண்ணுக்கு முதலில் படுவதில் வியப்பில்லை. ஆனால் மாட வீதிகளுக்கும் மந்தைவெளிக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட வீடுகளில், தொகையில் சொற்பமானவர்களாகவும் நெடிய சரித்திரமுடையவர்களாகவும் வாழ்ந்துவரும் மற்றொரு சாரார் உண்டு. ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் தொடங்கிவைத்த திருச்சபைச் சீர்திருத்தத்தை மூலமாகக் கொண்ட லுத்தரன் சபையார் அவர்கள். 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இருவரிலிருந்து தங்கள் தமிழ் வரலாற்றை எண்ணத் தொடங்கும் இச்சபையார், 1919-இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரில் சுயாதீன ஸ்தாபனமாயினர். 1947-இல் ஆங்கிலிகன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையை அமைத்தபோது அதில் கலவாமல் தனித்தே நின்றனர். அமெரிக்க மிசௌரி சபையார் 1895-இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய ஊழியத்தின் வழிவந்த இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இன்னொரு கிளை.

இச்சபைகளைச் சேர்ந்த பெண்களுக்கென்று நடத்தப்பெறும் பயிலரங்குகளைப் பற்றியே இக்கட்டுரை. பயிலரங்கு என்றதும் அலுவலகப் பயிற்சி வகுப்பொன்று நினைவுக்கு வரலாம், இது வேறு. காலையில் ஒரு கீர்த்தனையும் ஜெபமும், பிறகு வேதபாடம், சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து சம்பாஷணை, நடுப்பகல் ஒருங்கிருந்து சாப்பாடு, மாலையில் குழுக்கள் கண்ட முடிவுகளைச் சபையின் முன் எடுத்துரைத்தல், காணிக்கை, ஆசீர்வாதம் என்ற ஒழுங்கில் பெரும்பாலும் நடைபெறும். அக்கா என்றும் சிஸ்டர் என்றும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ளும் இப்பெண்களில் பள்ளித் தலைமையாசிரியையும் இருப்பார், பிறர் வீட்டில் சமைத்துப் பிழைப்பவரும் இருப்பார். குழுவில் வட்டமாக அமர்ந்தபின் யார் முதலில் வாய் திறக்கிறார் என்பதைக் கவனித்தால், அந்தச் சபையின் நிலைமை முழுவதும் தெரிந்துவிடும்.

பெண்களைக் கூட்டிவைத்துக் கற்பிப்பது இச்சபைக்குப் புதிதன்று. தரங்கம்பாடியில் கால் வைத்த மறு ஆண்டே, அதாவது 1707-இல், பெண்குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளி அங்கே திறக்கப்பட்டது. பெண் எழுத்தறிவது குலத்துக்கு அடாது என்று எண்ணப்பட்ட அக்காலத்தில் அது எவ்வளவு துணிகரமான செய்கை என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். துணிவு பாதிரிமார்களுக்கு மட்டுமன்று, ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் தம் மகளை அனுப்பிய தாய்மாருக்கும் உரியது. பின்னர், எழுதப் படிக்கத் தெரிந்த கிறிஸ்தவப் பெண்கள், அவர்களுள் விதவைகள் பலர், வீடு வீடாகச் சென்று, ஆடவர் புக முடியாத அடுக்களைகளிலும் தாழ்வாரங்களிலும் அமர்ந்து வேதம் வாசித்துக் காட்டும் ஊழியத்தை மேற்கொண்டனர். தஞ்சையில் லுத்தரன் பாதிரியார் சுவார்ட்சின் ஆதரவில் வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரின் மகள் ஞானதீப அம்மாள் தந்தையின் வழியில் தாமும் பாட்டியற்றினார். குறவஞ்சி, கும்மி முதலிய, பெண்களின் ஆட்டத்தோடும் பாட்டோடும் ஒட்டிப் பிறந்த வடிவங்களில் சாஸ்திரியார் சமய உண்மைகளைப் பாடியதை எண்ணும்போது, உபந்நியாசத்தால் எட்டாத இடத்தைப் பாட்டால் எட்டலாம் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்றைய பயிலரங்கு அமைப்பாளர்கள் கணினித் திரையில் காட்டும் படங்களைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, கும்மிக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் நஷ்டமொன்றும் நேராது.

இனி, விசுவாசமும் ஆவிக்குரிய பயிற்சியும் எங்ஙனம் கற்பிக்கப்படுகின்றன என்பதைப் பார்ப்போம். இங்கேதான் லுத்தரன் மரபின் தனித்தன்மை துலங்குகிறது. குருமாருக்கு மட்டுமே கடவுளின் சந்நிதி திறந்திருக்கிறது என்னும் கருத்தை மறுத்து, ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் ஆசாரியரே என்று லுத்தர் போதித்தார். அவர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம், பத்துக் கற்பனைகள் எனப்படும் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம் முதலியவற்றை வினாவிடையாக விளக்கும் கையடக்கமான நூல். குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்கவேண்டிய எளிய முறை இது என்று அவரே அதில் குறித்துவைத்தார். குடும்பத் தலைவன் என்று அவர் எழுதினாரேயொழிய, நம் நாட்டு வீடுகளில் பிள்ளைகளை விளக்கடியில் உட்காரவைத்து அதை ஓதுவித்தவர்கள் பாட்டியரும் தாய்மாருமே என்பதை எந்த லுத்தரன் குடும்பத்தாரைக் கேட்டாலும் சொல்வர்.

ஜெபம் செய்யும் முறையைப் பற்றியும் லுத்தர் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். அவருக்குச் சவரம் செய்துவந்த பீட்டர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்கு விடையாக 1535-இல் வெளிவந்தது அது. உலகப் பிரசித்தி பெற்ற ஒரு வேத பண்டிதர், தமது நாவிதரின் கேள்வியை மதித்து அச்சில் விடை தந்தார் என்பதே சிந்தித்தற்குரியது. அதில் அவர் கூறும் உபாயம் சிக்கலற்றது. கற்பனைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலாவது அது எனக்கு என்ன போதிக்கிறது என்று நினைக்கவேண்டும். இரண்டாவது, அதை முன்னிட்டு எதற்காக நன்றி சொல்வேன் என்று எண்ணவேண்டும். மூன்றாவது, அதன்முன் நான் செய்த பிழை யாது என்று அறிக்கையிடவேண்டும். நான்காவது, என்ன வரம் வேண்டும் என்று கேட்கவேண்டும். நான்கு இழைகளால் பின்னிய மாலை என்று இதை அவர் வருணிக்கிறார். வடக்கு மாட வீதியில் நாரும் பூவுமாக உட்கார்ந்திருக்கும் பூக்காரிக்கு இவ்வுவமையை விளக்கவேண்டியிராது. பயிலரங்குக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை. ‘களவு செய்யாதிருப்பாயாக’ என்ற கற்பனையை எடுத்துக்கொண்டு நான்கு கேள்விகளையும் ஒரு குழுவினர் தமக்குள் கேட்கத் தொடங்கினால், வேலைக்காரிக்குச் சம்பளத்தைத் தாமதமாகக் கொடுப்பது களவாகுமா, மருமகளின் நகையை மாமியார் பூட்டிவைத்துக்கொள்வது எதில் சேரும் என்னும் வினாக்கள் தாமாக எழும். உபவாச ஜெபத்தில் கண்ணீர் பெருக்குவதைக் காட்டிலும் கடினமான சாதனை இதுவென்பேன்.

பெண்கள் வேதத்தைக் கையிலெடுத்துத் தர்க்கிப்பதற்கும் இம்மரபில் முன்மாதிரி உண்டு. லுத்தரின் கருத்துகளை ஏற்றதற்காக ஓர் இளைஞரை இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தார் தண்டித்தபோது, அர்குலா வான் குரூம்பாக் என்னும் பெண்மணி 1523-இல் அப்பேராசிரியர்களுக்கே கடிதம் எழுதி, வேதவாக்கியங்களை அடுக்கிக் கேள்வி கேட்டார். அக்கடிதம் அச்சாகிப் பலமுறை மறுபதிப்புக் கண்டது. பேராசிரியர்கள் பதில் எழுதவில்லை.

சமூக வாழ்வு என்னும் பகுதி நம்மவர்க்கு மிகவும் அணுக்கமானது. நாள்தோறும் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, நிறைந்ததும் ஆலயத்தில் சேர்க்கும் பிடியரிசிக் காணிக்கை தமிழ்க் கிறிஸ்தவ மாதரின் பழைய வழக்கம். தம் கையில் காசு புழங்காத பெண்கள் அடுக்களையிலிருந்தே சபைக்குச் செய்த தர்மம் அது. அமெரிக்காவில் மிசௌரி சபையைச் சேர்ந்த லுத்தரன் மாதர் 1942-இல் தங்கள் சங்கத்தை அமைத்து, சில்லறைக் காசுகளைச் சிறு பெட்டிகளில் சேர்த்து மிஷன் பணிகளுக்கு அனுப்பிவருவதும் இதே மனப்பான்மையின் மற்றொரு தோற்றம். இவற்றோடு, மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையன்று பல சபைப் பெண்களும் கூடும் உலக ஜெப தினம், நோயாளியின் வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் முதலில் சென்று சேரும் வழக்கம், அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம் செய்து விற்றுக் கட்டட நிதிக்குத் தருவது ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால், சபை என்னும் ஸ்தாபனம் யார் உழைப்பில் நிற்கிறது என்பது விளங்கும்.

ஆயினும், சமூக வாழ்வென்பது உபசாரத்தோடு முடிந்துவிடுவதன்று. 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவக் கணவன் மனைவியின் ஒழுக்கத் தவற்றை மட்டும் காட்டி விடுதலை பெற முடிந்தது. மனைவியோ அதனோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்கவேண்டியிருந்தது. இந்தப் பாரபட்சம் 2001-இல்தான் நீங்கியது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. உலக லுத்தரன் சம்மேளனமும், பெண்கள்மீதான வன்முறைக்குச் சபைகள் மறுப்புச் சொல்லவேண்டும் என்று 2002-இலேயே ஒரு கைந்நூல் வெளியிட்டது. பொறுமையைப் போதித்தே அடிபட்டவளைத் திருப்பியனுப்பும் போதகத்தைச் சபைகள் தாமே பரிசீலிக்கவேண்டும் என்பது அதன் சாரம். சிலுவையைச் சுமப்பது பற்றிப் பாடும் ஒரு கூட்டத்தில் போலீஸ் நிலையத்தைப் பற்றியும் பேசுவது சிலருக்கு அபசாரமாகப் படுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. அடிபட்ட உடம்போடு வந்தமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அன்று வேறெந்த வேதபாடமும் காதில் ஏறாது.

சென்னையில் இத்தகைய சிந்தனைக்குத் தோதான இடம் இல்லாமலில்லை. கீழ்ப்பாக்கத்திலுள்ள குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பெண்களும் பயில்கின்றனர். பெண்ணியக் கண்கொண்டு வேதத்தை ஆராயும் பேராசிரியைகள் அங்கே பணியாற்றியிருக்கின்றனர். ஆனால் கல்லூரியில் விளைந்த எண்ணம் சபையின் பெஞ்சுக்கு வந்துசேர நெடுநாள் பிடிக்கிறது. தமிழ் லுத்தரன் சபையை உருவாக்கத் துணைநின்ற சுவீடன் சபையார் 1960-இலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தனர்; மிசௌரி சபையார் அதை இன்றளவும் ஏற்பதில்லை. அந்த வழக்கை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. அதைவிட எளிய காரியம் ஒன்றுண்டு. தன் பேரவைகளிலும் குழுக்களிலும் பெண்கள் 40 விழுக்காடு, ஆண்கள் 40 விழுக்காடு, இளைஞர் 20 விழுக்காடு இருக்கவேண்டும் என்பது உலக லுத்தரன் சம்மேளனத்தின் கொள்கை. பயிலரங்கில் நன்றாகப் பேசிய பெண்மணி, அடுத்த மாதம் சபைக் கமிட்டி கூடும்போது வெளியே காபி கலந்துகொண்டிருப்பாராயின், அன்றைய பயிற்சி உல்லாசப் பயணம் போன்றதுதான்.

அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை முழுநாளும் நகரின் மறுகோடியில் பயிலரங்கு வைத்தால், ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் வங்கி ஊழியர்களும் வரமுடியுமேயன்றி, மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கும் சகோதரிகள் வரமுடியாது; அவர்களுக்குச் சனிக்கிழமை விடுமுறையில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்தபின் இரண்டு மணி நேரம், அவர்கள் குடியிருக்கும் பகுதியிலேயே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்து நடத்திப்பாருங்கள்.