உங்களுக்குத் தெரியுமா? உரமின்றிக் கடலில் விளையும் பயிர்!

● ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் குழைவாக வைத்திருக்கும் கராஜீனன், சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது.

● இதற்காகவே ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், பாம்பன் பகுதி மீனவப் பெண்கள் 'கப்பாபைகஸ்' என்ற சிவப்புப் பாசியை வளர்க்கிறார்கள். மூங்கில் மிதவையில் கயிறுகளை இழுத்துக் கட்டி, அவற்றில் பாசித் துண்டுகளை முடிந்து, ஆழமில்லாத கடலில் மிதக்கவிடுகிறார்கள். மீன்கள் மேய்ந்துவிடாமலிருக்க அடியில் வலை. சுமார் 45 நாளில் அறுவடை.

● நிலமோ நன்னீரோ உரமோ தேவையில்லை. கடல்நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் சத்துகளையும் உறிஞ்சியே பாசி வளர்கிறது.

● ஆனால், இது வெளிநாட்டு இனம். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளப்பாறைகள் மீது படர்ந்து அவற்றை மூச்சுமுட்டச் செய்திருக்கிறது. பிழைப்போடு கடலும் தழைக்க வேண்டுமானால், நம் கடலில் இயல்பாகவே வளரும் கஞ்சிப்பாசி போன்ற இனங்களின் வளர்ப்புக்கு முன்னுரிமை தர வேண்டும்.