கரையிலேயே முடிவாகிவிடும் பயணம்

2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் படகில் போன உறவினர் கூட்டத்தில் 22 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா போனவர்களும் உண்டு. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தில் பத்துக்கும் மேற்பட்டவர்கள், அவர்களில் பலர் குழந்தைகள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரியில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று உறைக்கும். நடுக்கடலில் திடீரென்று எழுந்த புயல் எதிலும் இல்லை. கரைக்கு அருகில், சுற்றுலாப் பயணிகள் தினமும் போய்வரும் நீரில் நடந்தவை இவை. அளவுக்கு மேல் ஏறிய ஆட்கள், எல்லோருக்கும் இல்லாத லைஃப் ஜாக்கெட், மீன்பிடிப் படகைத் திருத்தி உல்லாசப் படகாக்கிய வேலை, இருட்டிய பிறகும் ஓட்டப்பட்ட சவாரி என்று காரணங்களாகப் பேசப்பட்டவை எல்லாமே படகு புறப்படும் முன்பே கண்ணுக்குத் தெரிந்தவை.

குழந்தைகளோடு படகில் போகும் குடும்பத்தின் பாதுகாப்பில் பெரும்பகுதி துறையில் நிற்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை எடுக்கப் பெற்றோருக்கு நீச்சலோ படகுக் கலையோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. எண்ணத் தெரிய வேண்டும், உற்றுப் பார்க்கத் தெரிய வேண்டும், வேண்டாம் என்றால் திரும்பி வரத் தெரிய வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டம். நான்கு மணி நேரம் பயணம் செய்து வந்து, வரிசையில் நின்று, குழந்தை குதித்துக்கொண்டிருக்கும்போது ‘இந்தப் படகு வேண்டாம்’ என்று சொல்ல ஒரு தகப்பனுக்கோ தாய்க்கோ மனம் வராது. அதனாலேயே எதைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டிலேயே தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் தலைகளை எண்ண வேண்டும். படகில் எத்தனை பேர் ஏறலாம் என்பது பெரும்பாலும் அதன் பக்கவாட்டிலோ உள்ளேயோ எழுதியிருக்கும், இல்லையென்றால் கேட்கலாம். நம் ஊரில் இந்தக் கணக்கு தவறுவது குழந்தைகளால்தான். பஸ்ஸில் அரை டிக்கெட், மடியில் உட்கார்ந்தால் டிக்கெட்டே இல்லை என்ற பழக்கத்தைப் படகுக்கும் கொண்டுபோய்விடுகிறோம். எடையில் குழந்தை பாதியாக இருக்கலாம். ஆனால் உட்காரும் இடத்திலும், ஜாக்கெட்டிலும், ஆபத்து வந்தால் காப்பாற்ற வேண்டிய உயிரிலும் குழந்தை முழு ஆள். இருபது பேர் படகில் இருபது பெரியவர்களும் ‘கணக்கில் வராத’ எட்டுக் குழந்தைகளும் இருந்தால், அதில் ஏறியிருப்பது இருபத்தெட்டு பேர்.

அடுத்தது படகின் வடிவம். மாடி வைத்த படகுகள் குழந்தைகளுக்குப் பிடிக்கும். மேலே நின்றால் காற்று, காட்சி எல்லாம் கிடைக்கும். ஆனால் கூரைமேல் ஆட்களை ஏற்றிய பஸ் வளைவில் எப்படித் தள்ளாடுமோ, மேல் தளத்தில் கூட்டம் நிற்கும் படகும் அப்படித்தான். எடை மேலே போகப் போக, சாய்ந்த படகு நிமிர்வது கடினமாகிறது. தேக்கடியில் கரையோரம் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சரிந்தது என்பதே பரவலாகச் சொல்லப்பட்ட விவரம். யானையைக் கண்டால் குழந்தைகள் எழுந்து ஓடத்தான் செய்வார்கள். பெரியவர்களும் செல்போனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார்கள். சரி, கீழ்த் தளத்தில் உட்காரலாம் என்றால், கண்ணாடி ஜன்னல் போட்டு மூடிய அறைகளில் வேறொரு ஆபத்து இருக்கிறது. படகு கவிழ்ந்தால் வெளியே வர வழியிருக்காது. மிதக்க வைக்கும் ஜாக்கெட்டே உள்ளே இருப்பவரைத் தலைக்கு மேலிருக்கும் பலகையோடு சேர்த்து அழுத்தி வைத்துவிடும். ஆகவே சிறு குழந்தைகள் இருக்கும் குடும்பம் ஒரே தளம் கொண்ட, பக்கங்கள் திறந்த படகைத் தேர்வு செய்வதே சரி. அடுக்குப் படகுதான் கிடைக்கிறது என்றால், வெளியே வரும் வழிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, இறங்கும் வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் லைஃப் ஜாக்கெட். நம் படகுத்துறைகள் பலவற்றில் மாட்டியிருக்கும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டுகள் பெரியவர்களின் அளவு. நான்கு வயதுக் குழந்தைக்கு அதைப் போட்டு, நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு அனுப்புவார்கள். பார்ப்பதற்குப் பாதுகாப்பாகத்தான் இருக்கும். தண்ணீரில் விழுந்த கணத்தில் ஜாக்கெட் மேலே எழும்பும், குழந்தை கீழே இறங்கும். தப்பிக்கக் கைகளைத் தூக்கினால் முழுசாகவே நழுவிவிடும். இதைக் கரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஜாக்கெட்டைப் போட்டு, கொக்கிகளை எல்லாம் மாட்டிய பிறகு குழந்தையை இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். அது தாடையைத் தாண்டிக் காதுவரை ஏறினால் அந்த ஜாக்கெட் உங்கள் குழந்தைக்கு உதவாது. சிறு குழந்தைகளுக்கென்று செய்த ஜாக்கெட்டில் மூன்று அடையாளங்கள் இருக்கும். கால்களுக்கு இடையே போட்டு மாட்டும் பட்டை, ஜாக்கெட் மேலே ஏறாமல் பிடித்துக்கொள்ளும். குழந்தையின் உடம்போடு ஒப்பிட்டால் தலை கனமானது. அது முன்னால் கவிழ்ந்து முகம் நீரில் அமிழாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் தடித்த மிதவை இருக்கும். நீரிலிருந்து சட்டென்று தூக்கக் கைப்பிடி ஒன்று பின்புறம் தைத்திருக்கும். எத்தனை கிலோ எடை உள்ளவருக்கு என்பது உட்புறத் துணியில் அச்சிட்டிருக்கும். ‘50 நியூட்டன்’ என்று போட்டவை நீந்தத் தெரிந்தவர்களுக்கானவை. குழந்தைகளுக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும் 100 அல்லது அதற்கு மேல் வேண்டும். உள்ளே இருக்கும் ஃபோம் அப்பளமாகத் தட்டையாகியிருந்தாலோ, ஒரு கொக்கி உடைந்திருந்தாலோ, அது வெறும் சட்டைதான். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகளும் இடுப்பில் போடும் ரப்பர் வளையமும் நீச்சல்குளத்து விளையாட்டுச் சாமான்கள். படகில் அவற்றை நம்பக் கூடாது.

ஜாக்கெட்டுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்கலாம். உல்லாசப் படகு விபத்துகளை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வெளியிடும் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் புள்ளிவிவரம் இதற்குப் பதில் சொல்கிறது. 2022 கணக்குப்படி அங்கே படகு விபத்துகளில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 85 பேர் ஜாக்கெட் அணியாதவர்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் கொஞ்சம் மாறினாலும் படம் மாறுவதில்லை. ஓடும் உல்லாசப் படகின் திறந்த பகுதியில் இருக்கும் 13 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் ஜாக்கெட் அணிந்திருக்க வேண்டும் என்பது அங்கே கூட்டரசு விதி. அங்கே சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் அதிகம், நம் நிலைமை வேறு என்று சொல்லலாம். வேறுதான். வாராவாரம் படகு ஓட்டும் குடும்பங்களுக்கே இந்தக் கணக்கு என்றால், ஆண்டுக்கு ஒருமுறை படகைப் பார்க்கும் நம் குடும்பங்களுக்கு ஜாக்கெட்டின் தேவை கூடுமே தவிரக் குறையாது.

‘குழந்தையை நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்’ என்பது பெற்றோர் எல்லோரும் சொல்வது, அன்போடு சொல்வது. ஆனால் படகு சாயும்போது மனித உடம்பு யோசிக்காமல் செய்யும் முதல் காரியம், எதையாவது பற்றிக்கொள்ளக் கைகளை நீட்டுவது. நீந்தத் தெரியாத தாய் தண்ணீருக்குள் போனதும் தன் தலையை மேலே கொண்டுவரவே இரண்டு கைகளும் தேவைப்படும். அந்த நேரத்தில் குழந்தையைத் தாங்குவது ஜாக்கெட்டாக இருந்தால்தான் இருவருமே பிழைப்பார்கள். தாய்க்கும் ஜாக்கெட் வேண்டும் என்பதற்கும் இதே காரணம்தான். ‘இடுப்பளவுத் தண்ணீர்தானே’ என்பது இன்னொரு சமாதானம். பெரியவரின் இடுப்பு கிட்டத்தட்ட மூன்று வயதுக் குழந்தையின் தலை உயரம். கழிமுகத்திலும் ஏரியிலும் அடியில் இருப்பது சேறு. இறங்கித் தூக்கலாம் என்று குதித்தவரின் காலையே அது பிடித்துக்கொள்ளும். மூழ்கும் குழந்தை கத்தும், கேட்டதும் ஓடலாம் என்பதும் சினிமாவில் பார்த்துப் பழகிய எண்ணம். மூச்சுக்குத் தவிக்கும் வாயால் கூப்பிட முடியாது. மூழ்குதல் பெரும்பாலும் சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிகிறது. பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அவன் கற்றது தெளிந்த நீர், பிடிக்கக் கம்பி, நீச்சல் உடை எல்லாம் இருந்த குளத்தில். கொடைக்கானல் ஏரியின் குளிரில், ஸ்வெட்டரும் ஷூவுமாக விழும்போது அந்தப் பாடம் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

ஜாக்கெட் போட்டால் புழுங்குகிறது, குழந்தை அழுகிறது, பயணத்தின் சந்தோஷமே போய்விடுகிறது என்ற குறையில் நியாயம் இருக்கிறது. மே மாத மதியம் ஒரு மணிக்குக் குழந்தைக்கு ஃபோம் சட்டை மாட்டினால் அது அழாமல் என்ன செய்யும்? தப்பு ஜாக்கெட்டில் இல்லை, நேரத்தில். காலையில் முதல் படகில் போனால் வெயில் இருக்காது, காற்று அடங்கியிருக்கும், கூட்டமும் குறைவு. அடிக்கடி நீர்நிலைகளுக்குப் போகும் குடும்பம் குழந்தையின் எடைக்கேற்ற ஜாக்கெட் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம். முந்தின வாரமே வீட்டுக் கூடத்தில் அதைப் போட்டு விளையாட விட்டால், துறைக்குப் போகும்போது அது பழகிய சட்டையாகியிருக்கும். அப்பாவும் அம்மாவும் முதலில் போட்டுக்கொண்டால் பாதி அடம் அங்கேயே தீரும். சிறு குழந்தைக்கு அரை மணி நேரச் சவாரி தாராளம். பசியில்லாமல், தூங்கி எழுந்து, பாத்ரூம் போய்விட்டு ஏறிய குழந்தை அந்த அரை மணியை அனுபவிக்கும்.

எந்தச் சவாரி என்பதும் முக்கியம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகுதான் குழந்தைகளுக்கு ஏற்றது. சுரபுன்னை மரங்களின் வேர்கள் வில்போல வளைந்து நீருக்குள் இறங்கும் குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகுதான் மெல்ல நுழைந்து போகும். எஞ்சின் சத்தம் இல்லாததால், சேற்றில் நண்டு நகர்வதையும் கொக்கு அடியெடுத்து வைப்பதையும் குழந்தை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்க முடியும். கிளைகள் கைக்கெட்டும் தூரத்தில் வரும். பறிக்க விடக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரம் இந்தக் காட்டு மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பெரும் எரிச்சல். இதைச் சொல்லித் தடுத்தால் குழந்தைக்கு அதுவே ஒரு கதையாகிவிடும். ஊட்டியிலும் ஏற்காட்டிலும் இருக்கும் மிதிபடகு வேறு மாதிரி. அப்பாவும் அம்மாவும் முன் இருக்கையில் மிதிக்க, பிள்ளைகள் பின் இருக்கையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் குழந்தை எழுந்து நின்றால் யாருக்கும் தெரியாது. ஒரு பெரியவர் பின்னால்தான் உட்கார வேண்டும். ஒகேனக்கல் பரிசலில் உற்சாகப்படுத்த ஓட்டி அதைச் சுழற்றுவது உண்டு. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், சுற்ற வேண்டாம் என்று ஏறும்போதே சொல்லிவிடலாம். காவிரியில் நீர்வரத்து கூடிப் பரிசலுக்குத் தடை போட்டிருக்கும் நாளில், தனியே அழைத்துப் போகிறேன் என்று யார் சொன்னாலும் போகக் கூடாது.

இதெல்லாம் அரசு பார்க்க வேண்டிய வேலை, டிக்கெட் வாங்கும் குடும்பத்தின் தலையில் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்பது சரியான கேள்வி. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துவிட்டது. பதிவு, தகுதிச் சோதனை, உயிர்காப்புச் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. வதோதரா விபத்து அதற்குப் பிறகுதான் நடந்தது, தானூரும் அப்படியே. சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியவர்களைக் கேள்வி கேட்கும் உரிமையை யாரும் விட்டுத்தர வேண்டாம். அரசுப் படகுக் குழாம்களும் தனியார் துறைகளும் குழந்தை அளவு ஜாக்கெட்டுகளைப் போதிய எண்ணிக்கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாத நாளில் குழந்தைக்கு டிக்கெட் கொடுக்கக் கூடாது. ஆனால் அது நடக்கும்வரை, படகில் காலை வைக்கும் அந்த நிமிடத்தில் அதிகாரி யாரும் உங்கள் பக்கத்தில் நிற்கப் போவதில்லை. வாடிக்கையாளர் பத்துப் பேர் ஒரே நாளில் ‘சின்ன சைஸ் இருக்கிறதா?’ என்று கேட்டு, இல்லையென்றதும் திரும்பிப் போனால், அடுத்த வாரம் அந்தத் துறையில் சின்ன சைஸ் வந்து தொங்கும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளோடு போகும்போது, டிக்கெட்டுக்குப் பணம் நீட்டும் முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஜாக்கெட்டைக் கையில் வாங்கி, மாட்டி, தோளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சரியாக இல்லையென்றால் கரையில் உட்கார்ந்து படகுகளை வேடிக்கை பார்த்துவிட்டு, ஆளுக்கொரு சோளக்கதிர் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்துவிடுங்கள்.