கண்டி தந்த கடைசி மகாதேசாதிபதி

கண்டிக்கும் பேராதனைக்கும் இடையே நாள்தோறும் பஸ்ஸில் போய்வரும் மாணவர்கள் 'வில்லியம் கோபல்லாவ மாவத்தை' என்னும் பெயர்ப் பலகையைக் கண்டிருப்பார்கள். யார் இவர் என்று வினவினால், 'இலங்கையின் முதலாவது ஜனாதிபதி' என்று பொது அறிவு நூல்களில் படித்த விடையைச் சொல்லுவார்கள். அவ்விடை சரியானதே. ஆயினும், பதினாறு ஆண்டுகள் நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்திருந்தும் ஆட்சி அதிகாரம் எதனையும் தமக்கென நாடாத ஒரு மனிதரின் வரலாறு அந்த ஒற்றை வரியில் அடங்கிவிடுமா? அவரது வாழ்க்கையைச் சற்று விரிவாக நோக்குவோம்.

மாத்தளையில் தொடங்கிய பொதுவாழ்வு

மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்த துல்லேவ என்னும் ஊரில் 1896-ம் ஆண்டு செப்டெம்பர் மாதம் வில்லியம் கோபல்லாவ பிறந்தார். கண்டி தர்மராஜ கல்லூரியிலும் புனித அந்தோனியார் கல்லூரியிலும் கல்வி பயின்றார். முன்னது பௌத்தர்களின் கல்லூரி. பின்னது கத்தோலிக்கத் துறவியரின் கல்லூரி. இளமையிலேயே இரு வேறு சமயச் சூழல்களில் பழகும் வாய்ப்பு இவ்வாறு அவருக்குக் கிடைத்தது. சிறிது காலம் ஆசிரியத் தொழில் புரிந்தபின் சட்டம் படித்துப் பிறக்கிராசியாராகி, மாத்தளை நீதிமன்றத்தில் வழக்குப் பேசினார். மாத்தளை நகர சபையில் உறுப்பினராகவும் பின்னர் தலைவராகவும் விளங்கினார்.

1936-ல் அரசாங்க சபைத் தேர்தலில் மாத்தளைத் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வி கண்டார். அன்று வெற்றி கிட்டியிருப்பின் அவர் கட்சி அரசியலில் கலந்து, பலரைப்போல் ஒரு தரப்பின் தலைவராகியிருக்கலாம். தோல்வி அவரை வேறு பாதையில் செலுத்தியது. 1939-ல் கண்டி மாநகர ஆணையாளர் பதவியை ஏற்றார். மேடையில் முழங்குவதற்கு இடமில்லாத உத்தியோகம் அது. குழாயில் தண்ணீர் வருகிறதா, வீதி விளக்கு எரிகிறதா, சந்தை துப்புரவாயிருக்கிறதா என்று கவனிப்பதே அதன் பணி.

யுத்த காலத்துக் கண்டி

அவர் பதவியேற்ற அதே ஆண்டில் இரண்டாம் உலக மகாயுத்தம் மூண்டது. அரிசிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. 1944-ல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தலைவர் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றியபோது, அமைதியான மலைநகரமாயிருந்த கண்டியில் பல நாட்டுப் படையினரும் வந்து நிறைந்தனர். ஆண்டுதோறும் எசல பெரஹராக் காலத்தில் வந்து கூடும் திரளான யாத்திரிகர்களின் தேவைகளையே ஒரு சிறு மாநகர சபை சமாளிப்பது கடினம். அதற்கு மேலாக ஒரு படைத் தலைமையகமே வந்து சேர்ந்தால் நிர்வாகம் படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

பன்னிரண்டு ஆண்டுகள் கண்டியில் இப்பணியை ஆற்றிய அவர், 1950-களில் கொழும்பு மாநகர ஆணையாளராகக் கடமை புரிந்தார். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் வாழும் நகரங்கள் இவை இரண்டும். குடிநீரும் துப்புரவும் இனம் பார்த்து வழங்கப்படுபவை அல்லவே. பின்னர் சீனாவிலும், அதன்பின் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இலங்கையின் தூதுவராயிருந்தார். அங்கிருந்துதான் அவருக்குத் தாயகத்திலிருந்து அழைப்பு வந்தது.

மார்ச் மாதம் இரண்டாம் தேதி

1962 ஜனவரி மாத இறுதியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தைக் கவிழ்க்கத் தீட்டிய சதி வெளிப்பட்டது. விசாரணையின்போது அப்போதைய மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலகவின் பெயரும் அடிபடவே, அவர் பதவியிலிருந்து நீங்க நேர்ந்தது. அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்டவர் கோபல்லாவ. பதவியேற்ற நாள் 1962 மார்ச் 2.

கண்டி மக்களுக்கு மறக்கவொண்ணாத தேதி அது. 1815-ம் ஆண்டு இதே மார்ச் 2-ம் தேதிதான் தலதா மாளிகைக்கு அருகிலுள்ள அரச மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. சரியாக 147 ஆண்டுகளுக்குப் பின், அதே நாளில், கண்டிச் சீமையைச் சேர்ந்த ஒருவர் பிரித்தானிய முடியின் பிரதிநிதியாக அமர்ந்தார். முன்னையோர் அணிந்த இறகுத் தொப்பியையும் சீருடையையும் விடுத்துத் தேசிய உடையிலேயே அவர் காட்சியளித்தார்.

அவர் பிரதமரின் உறவினர் என்பதால், பதவியில் நடுநிலை பேணுவாரா என்ற ஐயம் எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை. அதற்கு விடை மூன்றாண்டுகளில் கிடைத்தது.

1965-ன் சோதனை

1965 மார்ச் மாதம் நடைபெற்ற பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 66 ஆசனங்களையும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி 41 ஆசனங்களையும் பெற்றன. எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. 14 ஆசனங்களை வென்ற தமிழரசுக் கட்சியின் ஆதரவை இரு தரப்பினரும் நாடினர். செல்வநாயகம் தலைமையிலான அக்கட்சி டட்லி சேனநாயக்காவுக்கு ஆதரவளிக்க முன்வந்தது. தமது உறவினரான பிரதமர் தோற்றிருந்த வேளையில், பெரும்பான்மை எப்பக்கம் திரண்டதோ அப்பக்கத் தலைவரான டட்லி சேனநாயக்காவையே கோபல்லாவ பிரதமராக நியமித்தார்.

புதிய அரசாங்கத்தின் செயலும் கவனித்தற்குரியது. எதிர்க்கட்சியினரால் நியமனம் பெற்றவர் என்று காரணம் காட்டி, டட்லி சேனநாயக்கா அவரை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. 1970-ல் ஸ்ரீமாவோ அம்மையார் மீண்டும் வெற்றிபெற்றபோதும், 1977-ல் ஜே. ஆர். ஜயவர்த்தனா மாபெரும் வெற்றியுடன் வந்தபோதும் ஆட்சியைக் கைமாற்றி வைத்தவர் கோபல்லாவவே. மூன்று முறை அரசாங்கம் மாறியது. மூன்று முறையும் அமைதியாகவே மாறியது.

அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். மாநிலச் சட்டசபை இயற்றும் சட்டத்தை ஒப்புக்கொள்ளவும் மறுத்துத் திருப்பியனுப்பவும் அவருக்கு அதிகாரமுண்டு. ஆதலால் அங்கே ஒருவர் மிதவாதியா அன்றா என்பதை அவர் ஒப்பமிட்ட சட்டங்களையும் மறுத்த சட்டங்களையும் கொண்டு அளவிடலாம். கோபல்லாவ வகித்த பதவியோ, அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஒழுகுவது. அவருடைய மிதவாதத்தை அவர் செய்யாது விட்டவற்றில்தான் காணவேண்டும். ஒரு பக்கம் சாயாமலிருந்தார்; தமக்கெனக் கோஷ்டி சேர்க்காமலிருந்தார்.

மிதவாதத்தின் எல்லை

ஆனால் வரலாற்றைப் படிப்போர் நாணயத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். அவர் வளர்ந்த மாத்தளையும் பணிபுரிந்த கண்டியும் தேயிலை, ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த பூமி. 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிய இந்தியத் தமிழர் இலட்சக்கணக்கானோர் மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்ந்தனர். அவர் மகாதேசாதிபதியாயிருந்த 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்பது என்று இரு பிரதமர்களும் பங்கிட்டுக்கொண்டனர். அதைத் தடுக்கவோ திருத்தவோ மகாதேசாதிபதியின் பதவிக்கு அதிகாரமில்லை.

1972 மே 22-ம் தேதி இலங்கை குடியரசாகியது. சோல்பரி அரசியலமைப்பின் 29-ம் பிரிவு, எந்த ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ பாதகமான சட்டம் இயற்றுவதைத் தடைசெய்திருந்தது. புதிய அரசியலமைப்பில் அப்பிரிவு இடம்பெறவில்லை. சிங்களம் அரசகரும மொழியாகவும், பௌத்தம் முதன்மையான இடத்துக்குரிய சமயமாகவும் அதில் பொறிக்கப்பட்டன. தமிழரசுக் கட்சியினர் முந்திய ஆண்டிலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தனர். அந்த அரசியலமைப்பின் கீழ்தான், பிரதமரின் நியமனத்தால், கோபல்லாவ முதலாவது ஜனாதிபதியாகப் பதவிப்பிரமாணம் செய்துகொண்டார்.

இதற்காக அவர்மீது பழி சுமத்துவது நீதியாகாது. அந்த அரசியலமைப்பை ஆக்கியவர் அவரல்லர். அதை மறுக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்ததில்லை. எனினும் ஒன்று தெளிவாகிறது. தலைமைப் பீடத்தில் நல்லவர் ஒருவர் இருப்பது நாட்டுக்கு அணி; சிறுபான்மையினருக்கு அதுவே அரணாகிவிடாது. எழுத்தில் உள்ள உரிமையின் இடத்தை ஒரு தனிமனிதரின் நற்குணத்தால் நிரப்ப முடியாது.

விடைபெற்ற விதம்

1977 ஒக்டோபரில் அரசியலமைப்புத் திருத்தப்பட்டு, சகல நிர்வாக அதிகாரமும் ஜனாதிபதியிடம் குவிக்கப்பட்டது. 1978 பெப்ரவரி 4-ம் தேதி ஜயவர்த்தனா அப்பதவியை ஏற்க, எண்பத்தொரு வயதான கோபல்லாவ விலகினார். அதிகாரமற்றிருந்த பதவி பேரதிகாரம் பெற்ற அன்றே அதனை விட்டு நீங்கியவர் அவர். அதன்பின் மூன்றாண்டு வாழ்ந்து, 1981 ஜனவரி இறுதியில் காலமானார். அவருடைய புதல்வர் மொன்ரி கோபல்லாவ பிற்காலத்தில் மத்திய மாகாண ஆளுநராகக் கண்டியில் பணியாற்றினார்.

தேர்தலில் தோற்ற ஒரு பிறக்கிராசியார், தண்ணீர்க் குழாயையும் வீதி விளக்கையும் கவனித்த நகர ஆணையாளராகி, ஈற்றில் நாட்டின் முதற்குடிமகனானார். இனி அந்த மாவத்தை வழியே செல்லும் மாணவர் அப்பெயர்ப் பலகையைக் காணும்போது இரண்டு கேள்விகளை எண்ணிப் பார்க்கலாம். உறவையும் கட்சியையும் கடந்து நடக்கும் திண்மை நமக்கு உண்டா? நல்லவரை நம்புவதோடு நின்றுவிடாமல் நல்ல சட்டத்தையும் கேட்கும் தெளிவு நமக்கு உண்டா? அவரது வாழ்க்கை முதற் கேள்விக்கு விடை; அவர் வாழ்ந்த காலம் இரண்டாவதற்குப் பாடம்.