விளம்பர வாக்குறுதி வணிகரைக் கட்டுப்படுத்துமா?

கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு நிறுவனம், தான் வழங்காத சேவையை வழங்குவதாக விளம்பரம் செய்தால் வாடிக்கையாளர் என்ன செய்யலாம்?

விளம்பரத்தில் கூறப்பட்டவை வணிகரைக் கட்டுப்படுத்தும் என்கிறது கியூபெக் மாகாண நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு. அதை மீறினால், 272ஆவது பிரிவின்படி, வாக்களித்த சேவையை நிறைவேற்றுமாறோ, கட்டணத்தைக் குறைக்குமாறோ, ஒப்பந்தத்தை ரத்துச் செய்யுமாறோ கோரலாம். இழப்பீடும் கேட்கலாம்.

நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரம் எது என்பதை கனேடிய உச்சநீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. சுமார் 8 லட்சத்து 33 ஆயிரம் அமெரிக்க டாலர் பரிசு கிடைத்துவிட்டதாக எண்ணவைக்கும் கடிதம் ஒன்றை டைம் சஞ்சிகையிடமிருந்து 1999இல் பெற்று, அதற்குச் சந்தாவும் செலுத்திய ஒருவர் தொடுத்த வழக்கு அது. பரிசுக்கான நிபந்தனை சிறிய எழுத்தில் இருந்தது.

எளிதில் நம்பிவிடும், அனுபவமற்ற நுகர்வோருக்கு ஏற்படும் பொதுவான எண்ணமே அளவுகோல் என்று நீதிமன்றம் கூறியது. இழப்பீடாக 1,000 டாலரும், தண்டனைத் தொகையாக 15,000 டாலரும் வழங்க உத்தரவிட்டது. ஆகவே, சிறிய எழுத்தைக் கவனிக்கவில்லை என்பதால் மட்டும் ஒருவரது உரிமை பறிபோய்விடாது. புதிதாகக் குடியேறியோருக்கு இது முக்கியமானது.

பாதிக்கப்பட்டவர் விளம்பரத்தின் பிரதியைப் பாதுகாத்து, முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் அறிவிப்பது நல்லது. பிணக்குத் தீராவிட்டால், 15,000 டாலர் வரையான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கைகளுக்கான நீதிமன்றப் பிரிவில், பொதுவாக வழக்கறிஞர் இன்றியே முன்வைக்கலாம்.