கப்பக்கிழங்கில் ஒரு கியூபா காலை உணவு

இட்லி, தோசை, புட்டு, உப்புமா, சப்பாத்தி எல்லாமே அரிசியும் கோதுமையும்தான். தானியத்தை விலக்கியவர் வீட்டில் முதலில் காலியாவது காலைத் தட்டு. தேவிகுளம் வட்டாரத்தில் அந்தத் தட்டை நிரப்பக் கப்பக்கிழங்கு இருக்கிறது. கியூபாவில் இதற்குப் பெயர் யூக்கா.

கியூபாவின் வழக்கமான காலை உணவு பால் காப்பியும் வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியும். கோதுமை ரொட்டி என்பதால் அது இங்கே உதவாது. கைகொடுப்பது அந்நாட்டின் விருந்துச் சாப்பாடான யூக்கா கோன் மோஹோ, அதாவது வெந்த கிழங்கின்மேல் ஊற்றும் பூண்டும் புளிப்பு நாரத்தைச் சாறும்.

தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது ஏழைகளின் பசியாற்றியதும் இதுதான். தேவிகுளம், மூணாறின் குளிர் இதற்கு ஒத்துவராது. தாழ்வான அடிமாலிப் பக்கத்துச் சரிவுகளில் நன்றாக விளையும். பூண்டுக்கோ வெளியே போகவே வேண்டாம். வட்டவடை, காந்தல்லூர் பூண்டு புவிசார் குறியீடு பெற்றது.

கிழங்கை வெட்டியதும் உள்ளே கருநீலக் கோடுகள் தெரிந்தால் அது பழசு. பிடுங்கி இரண்டு மூன்று நாளிலேயே அப்படி ஆகிவிடும். நல்ல கிழங்கின் மேல்தோலையும் அடியிலுள்ள தடித்த தோலையும் சீவி, துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். ஒரு கொதி வந்ததும் அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் உப்பும் மஞ்சளும் போட்டு, துண்டுகள் வெடிக்கும்வரை விட வேண்டும். பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு; குக்கரில் நீரை மாற்றாமல் வேகவைக்கும் அவசரம் இங்கே ஆகாது. 1,500 மீட்டருக்கு மேலே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் மலையில் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். வெந்ததும் நடுவிலுள்ள நாரை உருவி எடுத்துவிடலாம்.

மோஹோவுக்கு ஆறேழு பல் பூண்டை உப்புடன் நசுக்கி, சூடான எண்ணெயை அதன்மேல் ஊற்றுவார்கள். பூண்டு 'சுர்' என்று பொரிந்து மணம் வந்ததும் புளிப்புச் சாறு சேரும். நாரத்தை இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறும் ஆரஞ்சுச் சாறும் சமமாகக் கலந்தால் போதும். காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் தேங்காயெண்ணெயில் குழைத்த இங்குள்ள சம்மந்தி காரத்தால் வேறு, வேலை ஒன்றேதான். சப்பென்ற கிழங்குக்கு உறைப்பும் புளிப்பும் தேவை.

கூடவே முட்டை வேண்டும். நூறு கிராம் பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து 38 கிராம் அளவுக்கு இருக்க, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. ஒரு முட்டையிலேயே ஆறு கிராம் கிடைக்கும். வெங்காயம், குடைமிளகாய், சீரகம் வதக்கி அதில் முட்டையை உடைத்து ஊற்றினால் கியூபாவின் சோஃப்ரிட்டோ வாசனை வந்துவிடும். பயறைத் தானியத்தோடு சேர்த்து விலக்காதவர்கள் ராஜ்மா வேகவைத்துச் சேர்க்கலாம். அங்கே கறுப்பு பீன்ஸ் சேர்ப்பார்கள். காய்ப்பதமான ஏத்தங்காயை வேகவைத்துப் பூண்டோடு மசித்தால் ஃபுஃபு. எண்ணெயில் பொரிப்பதைவிட அது மேல்.

கோதுமையின் குளூட்டன் மட்டும் ஆகாதவருக்கு அரிசியைக் கைவிடக் காரணமே இல்லை. சர்க்கரை நோயாளிக்கோ, தானியம் இல்லை என்பதாலேயே இந்தத் தட்டு இலேசாகிவிடாது; கிழங்கு கைப்பிடி அளவும், முட்டையும் காயும் அதைவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும்.