பெரிய அறை யாருக்கு?

எங்கள் மன்ற நிகழ்ச்சியில் எந்தத் தலைப்பை எடுத்தாலும் "வீடு போதவில்லை" என்ற குறை எப்படியாவது வந்துவிடும். பிள்ளைகள் வளர்கிறார்கள், இன்னொரு குழந்தை பிறக்கிறது, வயதான பெற்றோர் வந்து சேர்கிறார்கள். வீடு மட்டும் அதே அளவில் இருக்கிறது. பெரிய வீட்டுக்கு மாற எல்லாராலும் முடியாது. இருக்கும் அறைகளை எப்படி மாற்றி அமைக்கலாம் என்பதே இன்றைய பேச்சு. இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், என் வீட்டிலேயே நான் தவறு செய்திருக்கிறேன் என்பதுதான்.

எங்களுடையது வீவக நாலறை வீடு. வரவேற்பறையையும் சேர்த்துத்தான் இந்த நாலறைக் கணக்கு, படுக்கையறை மூன்றுதான். என் மாமனார் காலமான பிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டார். அடுத்த ஆண்டே எங்களுக்கு மூன்றாவது குழந்தை. குளியலறை இணைந்த பெரிய அறையில் நானும் கணவரும் கைக்குழந்தையும். இரண்டாவது அறையில் அத்தையும் 11 வயது மகளும். மூன்றாவது அறை 8 வயது மகனுக்கும் கணினிக்கும். யாரும் முறையிடவில்லை. அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அத்தைக்குக் காய்ச்சல். சிறுநீர்த் தொற்று என்ற மருத்துவர், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வீடு திரும்பியதும் மகள் என்னைத் தனியே அழைத்து, "பாட்டி சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணியே குடிக்க மாட்டாங்கம்மா. ராத்திரி எழுந்திருக்கணுமேன்னு பயம்" என்றாள். பொதுக் கழிவறை எங்கள் வீட்டில் சமையலறையை ஒட்டி இருக்கிறது. முட்டி வலியோடு, இருட்டில், வரவேற்பறை முழுவதையும் கடந்து போக வேண்டும். என் கட்டிலிலிருந்து கழிவறைக்கு நாலே எட்டு!

அன்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பெரிய அறை குடும்பத் தலைவருக்கு என்று நாம் பழக்கத்தால் கொடுத்துவிடுகிறோம். அது யாருக்குத் தேவை என்று பார்ப்பதில்லை.

முதலில் கணக்கு எடுங்கள்

தளவாடத்தை நகர்த்துவதற்கு முன் ஒரு வாரம் கவனியுங்கள். எந்த அறையில் யார், எத்தனை மணி நேரம் இருக்கிறார்கள்? இரவில் யார் எழுகிறார்கள்? படிப்பவருக்கு எந்த நேரத்தில் அமைதி வேண்டும்? நாங்கள் எழுதிப் பார்த்தோம். வேலை நாள்களில் நானும் கணவரும் வீட்டில் விழித்திருப்பதே நாலைந்து மணி நேரம்தான். அத்தையோ பகல் முழுக்க வீட்டில் இருக்கிறார்.

அடுத்து அளந்து பாருங்கள்

ஒற்றைக் கட்டில் மெத்தை ஏறத்தாழ 91 சென்டிமீட்டர் அகலம், 190 நீளம். இருவர் படுக்கும் குவீன் மெத்தை 152 அகலம். கட்டிலின் பக்கத்தில் நடக்க 60 சென்டிமீட்டராவது வேண்டும். கைத்தடியோடு நடப்பவருக்கு 90 இருந்தால் நல்லது. இதைத் தாளில் வரைந்து பாருங்கள். கடையில் அழகாகத் தெரிந்த அலமாரி வீட்டில் கதவைத் திறக்க விடாமல் நிற்கும் தொல்லை மிஞ்சும்.

புதிய அலமாரி வாங்குவதற்கு முன் பழையதைக் கழியுங்கள். நாங்கள் காராங்குனிக்காரரை அழைத்த பிறகுதான் ஓர் அறையில் பாதி இடம் உடைந்த மின்விசிறிக்கும் பழைய பெட்டிகளுக்கும் போயிருந்தது தெரிந்தது.

பிள்ளைகளின் அறை

அண்ணன் தங்கை, அக்கா தம்பி ஒரே அறையில் இருந்தால், உடை மாற்றவாவது தனியிடம் வேண்டும். கூரையில் தண்டவாளம் பொருத்திய திரைச்சீலை போதும். அலமாரியைத் தடுப்பாக வைத்தால் அது சாயாதபடி இறுக்கிப் பொருத்துங்கள். இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். மாடி வீட்டில் எந்தக் கட்டிலையும் சன்னலை ஒட்டிப் போடாதீர்கள்.

சுவரில் கை வைக்கும் முன்

சுவரை இடிக்க வீவகவின் அனுமதி வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் சுவரை இடிக்கவே முடியாது. 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் உள்ள புகலிட அறையின் சுவரையும் கனத்த கதவையும் மாற்றக்கூடாது. குத்தகையாளர் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னாலும், கழகத்திடம் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

மூத்தோர் உள்ள வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தி. 2012ல் தொடங்கிய 'ஈஸ்' திட்டத்தின்கீழ் கழிவறையில் கைப்பிடி பொருத்தவும், தரை வழுக்காமல் செய்யவும் செலவின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கிறது. 65 வயதான குடும்ப உறுப்பினர் உள்ள சிங்கப்பூரர் குடும்பம் விண்ணப்பிக்கலாம்.

எங்கள் வீட்டில் எந்தச் சுவரையும் இடிக்கவில்லை. ஒரே சனிக்கிழமையில் இரண்டு அறைகளை மாற்றிக்கொண்டோம். கணவருக்கு முதலில் மனமில்லை. "கடன் கட்டுவது நாம், சின்ன அறையும் நமக்கா?" என்றார். அவரைவிட அதிகம் மறுத்தவர் அத்தை. "அது நீங்க ரெண்டு பேரும் இருக்கிற அறை, எனக்கெதுக்கு?" என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் மகள்தான், "உங்களுக்கு இல்ல பாட்டி, எனக்குத்தான் பெரிய ரூம். நீங்க என்கூட இருங்க" என்று சொல்லி முடித்துவைத்தாள்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. எங்கள் அறையில் குழந்தையின் தொட்டிலைச் சுற்றிப் பக்கவாட்டில்தான் நடக்கிறோம். அத்தை ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டால் மகள் முணுமுணுக்கிறாள். அவள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது மீண்டும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். வயதுக்கு ஏற்ப உடை மாறுவதைப் போல அறையும் மாறத்தான் வேண்டும்.

ஆனால் இப்போது அத்தையின் தலைமாட்டில் ஒரு கூஜா இருக்கிறது. காலையில் அது காலியாக இருக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டில் எதையும் கேட்காத ஒருவர் இருப்பார். இன்றிரவு அவரிடம், "உங்களுக்கு இந்த அறை வசதியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வந்தால், அதோடு விட்டுவிடாமல் இன்னொரு முறையும் கேளுங்கள்.